சின்ன தோட்டத்துல ஸ்பெஷாலிட்டி காப்பி போடுற விவசாயி எதுக்கு ஆசைப்படுறார், அது கட்டுப்படி ஆகுமா?

ரெண்டு மூணு ஏக்கர் மட்டும் வெச்சிருக்கிற ஒரு காப்பி விவசாயி ஸ்பெஷாலிட்டி பக்கம், அதாவது ருசியையும் தரத்தையும் பார்த்து தனியா விக்கிற காப்பி பக்கம், திரும்பினா அவரோட வாழ்க்கை எப்படி இருக்கும், அவர் மனசுல என்ன ஆசை இருக்கும், இதெல்லாம் அவருக்கு கட்டுப்படி ஆகுமான்னு கேட்டிருந்தீங்க. நான் பச்சைக் கொட்டை, அதாவது வறுக்காத காப்பிக் கொட்டை, வாங்குற பக்கத்துல, ருசி பார்த்து ஸ்கோர் போடுற கப்பிங் மேசையில பல வருஷம் நின்னவன், ஆனா அந்த வருஷங்கள்ல பாதி நாள் தோட்டத்துலயும் காய வைக்கிற களத்துலயும்தான் போச்சு, அதனால ரெண்டு பக்கமும் பார்த்ததை வெச்சு சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும்.

வெளிய இருந்து பார்க்கிறவங்க அந்த விவசாயியோட ஆசை 100க்கு 90 ஸ்கோர் வாங்குறது, போட்டியில ஜெயிக்கிறது, பாக்கெட்ல பேர் வர்றதுன்னு நினைப்பாங்க. அதெல்லாம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா நான் பேசின அத்தனை பேர்கிட்டயும் அடியில இருந்தது ஒரே ஆசைதான், பறிச்ச அன்னிக்கு சாயங்காலமே பழத்தை யாராவது ஒருத்தர்கிட்ட வித்தாகணும்ங்கிற கட்டாயத்துல இருந்து வெளிய வரணும். இது ஏன் இவ்ளோ பெரிய விஷயம்னு புரிஞ்சிட்டா மீதி எல்லாம் தானா புரியும்.

காப்பிப் பழம் பறிச்ச உடனே உள்ள இருக்கிற சர்க்கரை புளிக்க ஆரம்பிச்சிடும், மூட்டையில கட்டி ராத்திரி முழுக்க வெச்சா காலையில மூட்டை உள்ள கை விட்டு பாருங்க, சூடா இருக்கும், ஒரு மாதிரி சாராய வாடை அடிக்கும். அதனால தோல் நீக்குற மெஷினான பல்பர் இல்லாதவர், காய வைக்க இடம் இல்லாதவர், அன்னிக்கே வித்துத்தான் ஆகணும். அதே வாரம் பறிச்ச ஆளுங்களுக்கு கூலி கொடுக்கணும், உரக்கடை பாக்கி நிக்குது, போன மழைக்காலத்துல வாங்கின முன்பணம் இருக்கு, அந்த முன்பணத்தை கொடுத்தவரேதான் பழத்தையும் வாங்குறவரா இருப்பார். தராசு அவரோடது, விலையும் அவர் சொல்றது. இந்த இடத்துல நின்னுக்கிட்டு ஒரு விவசாயி தரத்தைப் பத்தி யோசிக்க முடியாது, ஏன்னா நல்லா பழுத்த பழத்துக்கும் பாதி பச்சையா இருக்கிறதுக்கும் அங்க ஒரே விலை.

அந்த வாங்குறவரும் விலையை தானா முடிவு பண்றதில்ல. காப்பியில முக்கிய வகையான அராபிகாவுக்கு உலக விலைன்னு ஒண்ணு நியூயார்க் சந்தையில நிர்ணயம் ஆகுது, 'சி' விலைன்னு சொல்லுவாங்க, ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட்னு. அந்தச் சந்தையில கைமாறுற ஒரு ஒப்பந்தமே 37,500 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 17 டன், சின்ன விவசாயி தன் வாழ்நாள்ல பாதி காலம் விளைவிக்கிற அளவு அது. 1989 வரைக்கும் சர்வதேச காப்பி ஒப்பந்தம்னு நாடுகளுக்குள்ள இருந்த ஒண்ணுல, ஏற்றுமதிக்கு கோட்டா போட்டு விலையை ஓரளவு பிடிச்சு வெச்சிருந்தாங்க, அந்த வருஷம் ஜூலையில கோட்டா முறை உடைஞ்சுது, அதுக்கப்புறம் விலை எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. 2001ல பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழ போச்சு, பல நாடுகள்ல பறிப்புக் கூலிக்கே கட்டாம பழத்தை மரத்துலயே விட்டுட்டு வேலை தேடி கிளம்பினாங்க. அதே விலை 2025 பிப்ரவரியில 4 டாலரை தாண்டுச்சு. செடி அதேதான், விவசாயியோட உழைப்பும் அதேதான். உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்குகூட மிஞ்சாதுன்னு சொல்ற பேச்சு காப்பிக்குன்னே சொன்ன மாதிரி இருக்கும் எனக்கு.

இந்த விலையோட வாலைப் பிடிச்சுட்டுப் போகாம வேற ஒரு வழி வேணும்னு வர்றப்பத்தான் ஸ்பெஷாலிட்டி உள்ள வருது. அந்த வார்த்தையை இப்ப சொல்ற அர்த்தத்துல 1974ல எர்னா நட்சன்ங்கிற அம்மா ஒரு வணிகப் பத்திரிகையில பயன்படுத்தினாங்க, ஒவ்வொரு இடத்தோட மண்ணும் காத்தும் அந்தக் காப்பிக்கு தனி ருசி கொடுக்குது, அதை எல்லாத்தோடயும் கலந்து விக்கக் கூடாதுங்கிற கருத்து. அப்புறம் அதுக்கு அளவுகோல் வந்துச்சு: ருசி பார்த்துப் போடுற ஸ்கோர்ல 100க்கு 80ம் அதுக்கு மேலயும் வாங்கினா ஸ்பெஷாலிட்டி, பச்சைக் கொட்டையில 350 கிராம் எடுத்து பரப்பி பார்த்தா கறுத்தது, புளிச்சது மாதிரி பெரிய குறை ஒண்ணுகூட இருக்கக் கூடாது, சின்ன குறைங்க மொத்தமா 5க்கு மேல போகக் கூடாதுன்னு வெச்சிருந்தாங்க. ஸ்கோர் போடுற முறையை அப்புறம் மாத்தினாங்க, ஆனாலும் 80ங்கிற எண் இன்னும் எல்லாரோட வாயிலயும் இருக்கு.

இப்ப கணக்குக்கு வருவோம், இது நிறைய பேருக்கு தெரியாது. நல்லா காய்க்கிற ஒரு அராபிகா செடி வருஷத்துக்கு ரெண்டரை, மூணு கிலோ பழம் கொடுக்கும்னு வெச்சுக்கோங்க. தோல், சதை, ஈரம், கொட்டையை மூடியிருக்கிற உள்ளோடு எல்லாம் போய் ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டைதான் மிஞ்சும், அப்போ ஒரு செடிக்கு அரைக் கிலோ. வறுத்தா அதுல ஆறுல ஒரு பங்கு போயிடும். ஒரு கப்புக்கு 18 கிராம்னு போட்டா ஒரு செடியோட ஒரு வருஷ உழைப்பு 23 கப்தான். தினமும் ஒரு கப் குடிக்கிற ஒருத்தருக்காக எங்கயோ ஒரு மலையில 16 செடி வருஷம் முழுக்க நின்னுக்கிட்டு இருக்கு. கன்னு நட்டா முதல் காய் பார்க்கவே மூணு நாலு வருஷம், பூ பூத்து பழம் ஆகுறதுக்கு எட்டு ஒன்பது மாசம், ஒரு வருஷம் நல்லா காய்ச்சா அடுத்த வருஷம் செடி களைச்சுப் போய் குறைச்சு காய்க்கும்.

ரெண்டரை ஏக்கர் வெச்சிருக்கிறவருக்கு நல்ல வருஷத்துல 700 கிலோ பச்சைக் கொட்டை வருதுன்னு எடுத்துக்கோங்க. அதுல எல்லாமே ஸ்பெஷாலிட்டி ஆகாது, இதை யாரும் வெளிப்படையா சொல்ல மாட்டாங்க. முதல் பறிப்புல கிடைக்கிறது சரியா பழுத்திருக்காது, கடைசியில உருவி எடுக்கிறதுல காய்ஞ்சதும் பச்சையும் கலந்து வரும், நடுவுல வர்ற ரெண்டு மூணு பறிப்புதான் உண்மையான சரக்கு. என் அனுபவத்துல புதுசா ஆரம்பிக்கிறவர் மூணுல ஒரு பங்கை எதிர்பார்க்கலாம், அதுக்கு மேல கிடைச்சா சந்தோஷம். மீதி ரெண்டு பங்கு பழைய சந்தைக்கே போகும், பழைய விலைக்கே போகும். அதனால ஸ்பெஷாலிட்டிக்கு மாறினா வருமானம் டபுள் ஆகும்னு யாராவது சொன்னா அந்த மூணுல ஒரு பங்குக்கு மட்டும் கணக்கு போட்டு காட்டுறாங்கன்னு அர்த்தம்.

வேலை எப்படி மாறுதுன்னு கேட்டா, முதல்ல பறிப்பு. ஒரு கிளையை கையில பிடிச்சு பாருங்க, ஒரே கணுவுல ஒட்டிக்கிட்டு இருக்கிற பத்துப் பன்னெண்டு பழத்துல நாலு ரத்தச் சிவப்பா, மூணு மஞ்சள் கலந்த சிவப்பா, மீதி பச்சையா இருக்கும். கிளையை உருவினா ஒரு நொடி வேலை, சிவப்பை மட்டும் திருகி எடுத்தா அரை நிமிஷம், அதே கிளைக்கு பத்து பதினஞ்சு நாள் கழிச்சு திரும்ப வரணும். கிலோவுக்கு இவ்ளோன்னு கூலி கொடுத்தா எந்த ஆளும் சிவப்பை மட்டும் தேடி எடுக்க மாட்டாங்க, ஏன் எடுக்கணும், அவங்க வயித்துல அடிக்கிற வேலை அது. அதனால நாள் கூலி, இல்லன்னா கிலோவுக்கு கூடுதல் கூலி, ரெண்டுல ஒண்ணு கொடுத்தே ஆகணும், ஏற்கனவே காப்பியில பெரிய செலவே பறிப்புக் கூலிதான். ஸ்பெஷாலிட்டியோட முதல் முதலீடு மெஷின்ல போறதில்லங்க, பறிக்கிற கைகளுக்குத்தான் போகுது, இதை மனசார ஒத்துக்கிட்டவங்கதான் நிலைச்சு நின்னதை நான் பார்த்திருக்கேன்.

அப்புறம் பதப்படுத்துறது. பழத்தை தண்ணியில கொட்டினா மிதக்குறது சொத்தை, அதை அள்ளி தனியா போடணும். தோல் நீக்கின கொட்டை மேல ஒரு வழவழப்பு இருக்கும், அது கரையுற வரைக்கும் தொட்டியில ஊற விடணும், பன்னெண்டு மணி நேரமும் ஆகலாம், குளிரான இடத்துல ஒண்ணரை நாளும் ஆகலாம். அது எப்ப முடிஞ்சுதுன்னு சொல்ல புளிப்பை அளக்குற பிஎச் மீட்டர் இருக்கு, ஆனா பழகினவங்க கையை உள்ள விட்டு ஒரு பிடி கொட்டையை தேய்ச்சு பார்ப்பாங்க, வழுக்கிட்டே இருந்தது திடீர்னு ஆத்துக் கூழாங்கல் மாதிரி நறநறன்னு உரசும், அந்த நிமிஷம் கழுவிடணும். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த நிமிஷம் வந்தா ரெண்டு மணிக்கு எழுந்திரிக்கணும். தூங்கிட்டு காலையில பார்த்துக்கலாம்னு விட்டா அந்த லாட்டே, அதாவது ஒண்ணா பதப்படுத்தின அந்தச் சரக்கு மொத்தமும், புளிச்சுப் போய் வினிகர் வாடையில முடியும், கப்பிங் மேசையில ஒரு உறிஞ்சுல தெரிஞ்சிடும்.

காய வைக்கிறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச, ரொம்பப் பயப்படுற கட்டம். கம்பி வலை கட்டின மேடையில மெல்லிசா பரப்பி, நாள் பூரா கிளறி, உச்சி வெயிலுக்கு நிழல் போட்டு, சாயங்காலம் மூடி, மழை மேகம் தெரிஞ்சா வீட்ல இருக்கிற அத்தனை பேரும் ஓடி வந்து தார்ப்பாய் இழுத்து, இப்படி கழுவின கொட்டைக்கு ரெண்டு வாரம், பழத்தோடயே காய வைக்கிற நேச்சுரல்னா மூணு நாலு வாரம் கண்ணுல எண்ணெய விட்டுக்கிட்டு இருக்கணும். ஈரப்பதம் 10ல இருந்து 12 சதவீதத்துக்குள்ள வந்து நிக்கணும். வேகமா காய்ஞ்சா கொட்டை வெளிய காய்ஞ்சு உள்ள ஈரமா நிக்கும், ரெண்டு மூணு மாசத்துல ருசி செத்துடும், மெதுவா காய்ஞ்சா பூஞ்சை. இந்த வேலையை பெரும்பாலும் செய்றது வீட்டுப் பெண்கள், பாக்கெட்ல அச்சாகுறது வீட்டுக்காரர் பேர், இது எனக்கு ரொம்ப நாளா உறுத்துற விஷயம். கப் நல்லா இருந்துச்சுன்னா மேடையில நின்னவங்க யாருன்னு கேளுங்கன்னு வாங்குற எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருப்பேன்.

இவ்ளோ பண்ணியும் காசு வந்துடுமான்னா, இல்ல, இங்கதான் நிறைய பேர் உடைஞ்சு போறாங்க. காய்ஞ்ச கொட்டையை உள்ளோட்டோட ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆற வைக்கணும், அப்புறம் சாம்பிள் அனுப்பணும், வாங்குறவங்க வறுத்து ருசி பார்க்கணும், பேசணும், ஓடு நீக்கி தரம் பிரிக்கணும், கப்பல் ஏறணும். பழமா வித்தா அன்னிக்கே வர்ற காசு, ஸ்பெஷாலிட்டியா வித்தா ஆறு மாசம் கழிச்சு வருது. அந்த ஆறு மாசம் வீட்டை யார் நடத்துறது, ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுறது, அடுத்த கவாத்துக்கும் உரத்துக்கும் எங்க போறது? திறமை இல்லாம தோத்த விவசாயியை நான் அதிகம் பார்த்ததில்ல, காத்திருக்க காசு இல்லாம திரும்ப பழமாவே விக்கப் போனவங்களை நிறைய பார்த்திருக்கேன். அதுவும் 2025 மாதிரி சந்தை விலையே ஏறி நிக்கிற வருஷத்துல, வாசல்ல ஒருத்தர் ரொக்கத்தோட நிக்கும்போது யார் இந்த ரிஸ்க்கை எடுப்பாங்க சொல்லுங்க.

இன்னொரு சிக்கல் அளவு. ஒரு கன்டெய்னர்ல 18, 19 டன் போகும், நம்ம ஆள்கிட்ட இருக்கிறது 250 கிலோ. தனியா அவரால ஏற்றுமதி பண்ண முடியாது, சாம்பிள் அனுப்புற செலவே கட்டாது. அதனால கூட்டா சேர்றது தவிர வழி இல்ல. எத்தியோப்பியாவுல, கென்யாவுல, ருவாண்டாவுல எல்லாம் நூத்துக்கணக்கான குடும்பங்கள் பழத்தை தோல் நீக்கி கழுவி காய வைக்கிற ஒரே வாஷிங் ஸ்டேஷனுக்கு பழத்தைக் கொண்டு வர்றாங்க, அங்க ஒண்ணா பதப்படுத்துறாங்க. ருவாண்டா 2000க்கு அப்புறம்தான் இந்த ஸ்டேஷன்களை பெரிய அளவுல கட்டினாங்க, 2008ல கப் ஆஃப் எக்ஸலன்ஸ்ங்கிற காப்பித் தரப் போட்டியை ஆப்பிரிக்காவுலயே முதல் நாடா நடத்துற அளவுக்கு வந்தாங்க. ஆனா கூட்டுல ஒரு வலியும் இருக்கு, நான் ஒவ்வொரு பழமா பார்த்து எடுத்தேன், பக்கத்து தோட்டத்துக்காரர் உருவி எடுத்தார், ரெண்டும் ஒரே தொட்டியில போச்சுன்னா என் உழைப்பு எங்கன்னு கேட்பாங்க, அது நியாயமான கேள்வி. பழத்தை வாசல்லயே தரம் பிரிச்சு விலை வெச்சு, ஆண்டுக் கடைசியில லாபத்துல ரெண்டாவது தவணை கொடுக்கிற கூட்டுறவுல மட்டும்தான் இது ஓரளவு சரியாகுது.

ஒரு விஷயம் என்னால மறக்க முடியல. ஒரு பெரியவர், முப்பது வருஷமா காப்பி போடுறவர், எங்க கப்பிங் மேசைக்கு வந்தார். அஞ்சு கிண்ணம் வெச்சிருந்தோம், எதுவுமே யாரோடதுன்னு எழுதல. ஸ்பூன்ல எடுத்து உறிஞ்ச கூச்சப்பட்டார், அப்புறம் பழகிட்டு ஒவ்வொண்ணா போனார், மூணாவது கிண்ணத்துல நின்னுட்டார், திரும்பப் போய் முதல்ல இருந்து குடிச்சுட்டு மறுபடி அங்கயே வந்து நின்னார். "இது என்ன, எலுமிச்சைத் தோல் மாதிரி வருது, அப்புறம் வெல்லம் மாதிரி நிக்குது"ன்னு கேட்டார். அது அவரோடது. அது வரைக்கும் அவர் வீட்ல குடிச்சது விக்க முடியாத கழிவுக் கொட்டையை வறுத்து, நல்லதை எல்லாம் வெளிய அனுப்பிட்டு. தன் காப்பியை அவர் குடிச்சதே இல்ல. பக்கத்துல இருந்த அஞ்சாவது கிண்ணமும் அவரோடதுதான், மழையில நனைஞ்ச லாட், அதை குடிச்சுட்டு முகத்தை சுளிச்சார். அன்னிக்கு ராத்திரி திரும்பிப் போனவர் அடுத்த சீசன்ல மேடை மேல கூரை போட்டிருந்தார், நான் எதுவும் சொல்லல, கடன் வாங்கித்தான் போட்டார். பயிற்சி வகுப்பு எத்தனை நடத்தினாலும் வராத மாத்தம் ஒரு ஸ்பூன்ல வந்துச்சு. அதனால சின்ன விவசாயிக்கு உதவணும்னு யாராவது கேட்டா, முதல்ல அவர் காப்பியை அவர் ருசி பார்க்க ஏற்பாடு பண்ணுங்க, கொஞ்சமா வறுத்துப் பார்க்கிற ஒரு சின்ன சாம்பிள் ரோஸ்ட்டர் பத்து குடும்பத்துக்கு போதும்னுதான் சொல்லுவேன்.

பெரிய கனவுகளைப் பத்தியும் சொல்லணும். 2004ல பனாமாவுல எஸ்மரால்டா தோட்டத்தோட கெய்ஷா ரகம் ஏலத்துல பவுண்டுக்கு 21 டாலருக்குப் போச்சு, அந்தக் காலத்துல யாரும் கேள்விப்படாத விலை. எத்தியோப்பியாவுல இருந்து வந்த ரகம், மத்த நாடுகள் வழியா சுத்தி பனாமாவுக்கு வந்து பல வருஷம் யாரும் கண்டுக்காம கிடந்தது, ஒரு பக்கத்துச் செடிங்களை மட்டும் தனியா பதப்படுத்தி குடிச்சு பார்த்ததுல கண்டுபிடிச்சாங்க. இதைக் கேட்டுட்டு எல்லாரும் கெய்ஷா கன்னு தேடி ஓடுறாங்க. என் கருத்து, ஓடாதீங்க. அது விளைச்சல் கம்மி, உயரமான இடம் கேட்கும், அந்தத் தோட்டத்துக்கு பின்னாடி நிலமும் முதலும் இருந்துச்சு. அந்தக் கதையில எடுத்துக்க வேண்டியது, தோட்டத்தை துண்டு துண்டா பிரிச்சு எந்தத் துண்டுல என்ன ருசி வருதுன்னு தனியா பார்த்தாங்களே அதைத்தான், அதுக்கு நோட்டும் பொறுமையும் போதும்.

ரகத்தை தேர்ந்தெடுக்கிறதுல ருசியோட நோயையும் பார்க்கணும். இலைத்துரு நோய் 1869ல இலங்கையில தெரிஞ்சு அங்க இருந்த காப்பித் தோட்டங்களையே துடைச்சுட்டுப் போச்சு, அப்புறம்தான் தேயிலை நட்டாங்க. 2012 வாக்குல மத்திய அமெரிக்காவுல அதே நோய் திரும்ப அடிச்சுது. ரெண்டரை ஏக்கர்காரர் மொத்தத்தையும் நோய் தாங்காத ருசியான ரகத்துல போட்டா ஒரு கெட்ட வருஷத்துல எல்லாம் போயிடும், நோய் தாங்குற ரகத்தை பெரும்பகுதியாவும் ருசி ரகத்தை ஒரு மூலையிலயும் வெச்சுக்கிறதுதான் புத்திசாலித்தனம். நிழல் மரம், ஊடுபயிர் விட்டுடாதீங்க, காப்பி கைவிட்ட வருஷம் சோறு போட்டது அதுதான்னு எல்லாருமே சொல்லுவாங்க.

தரம் விவசாயி கையை விட்டுப் போனப்புறமும் பாழாகும், அதுக்கு நானே சாட்சி. ஒரு தடவை 86 வாங்கின ஒரு சின்ன லாட்டை நாங்க பேசி முடிச்சோம், இடையில ஒரு கிடங்குல வெறும் சாக்கு மூட்டையில ஈரக் காத்துல மூணு மாசம் போட்டு வெச்சிட்டாங்க. எங்க கைக்கு வந்தப்போ 82, பழைய சாக்கு வாடை. ஒப்பந்தத்துல 'வந்து சேரும்போது இருக்கிற ஸ்கோர்'னு இருந்ததால விலை குறைஞ்சது அந்தக் குடும்பத்துக்கு, கிடங்குக்கு ஒண்ணும் ஆகல. அந்த வரியை அன்னிக்கு நான் ஒழுங்கா படிச்சிருக்கணும். அதுக்கப்புறம் காத்துப் புகாத உள்பை இல்லாம ஒரு மூட்டையும் அனுப்ப விட்டதில்ல, ஸ்கோர் கிளம்புற இடத்துலயே முடிவாகணும்னும் எழுதி வாங்குறோம்.

அவங்க பிள்ளைங்களைப் பத்தி கேட்டீங்கன்னா, பெரும்பாலான அப்பா அம்மா "இந்தக் கஷ்டம் எங்களோட போகட்டும்"னுதான் ஆரம்பத்துல சொல்லுவாங்க. ஆனா வீட்ல ஒருத்தர் வறுக்க, கப்பிங் பண்ண, வாங்குறவங்களோட நேரா பேச கத்துக்கிட்டா பேச்சு மாறுது. இப்ப காகித வேலையும் அவங்க இல்லாம ஆகாது, ஐரோப்பிய யூனியன் 2023ல கொண்டு வந்த காடழிப்பு சட்டத்துல 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காடு அழிச்ச நிலத்துல விளைஞ்சதை வாங்கக் கூடாது, ஒவ்வொரு தோட்டமும் மேப்ல எங்க இருக்குன்னு காட்டணும்னு இருக்கு, அமலுக்கு வர்ற தேதியை தள்ளித் தள்ளி வெச்சாலும் வாங்குறவங்க இப்பவே கேட்கிறாங்க. போன்ல ஒரு புள்ளி வெச்சு அனுப்புற வேலைதான், அதை செய்றது அந்த வீட்டுப் பொண்ணோ பையனோதான்.

கட்டுப்படி ஆகுமாங்கிறதுக்கு என் பதில், ஆகும், முழுசா குதிக்காம இருந்தா. முதல் வருஷம் 700ல 50 கிலோ மட்டும் தனியா பண்ணுங்க, நல்ல செடிங்க இருக்கிற ஒரு துண்டு நிலம், நடுப் பறிப்பு மட்டும், ஒரே முறையில, தேதியும் மணி நேரமும் மழையும் நோட்ல எழுதி. அது கெட்டாலும் வீடு தாங்கும். நல்லா வந்தா அடுத்த வருஷம் 150. வாங்க வர்றவங்ககிட்ட ஸ்கோரைப் பேசுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: பறிப்பு ஆரம்பிக்கும்போது எத்தனை சதவீதம் முன்பணம் தருவீங்க, அடுத்த வருஷம் மழை கெடுத்து ரெண்டு பாயின்ட் குறைஞ்சா அப்பவும் வாங்குவீங்களா. முதல் கேள்விக்கு மழுப்புறவங்க போட்டோ எடுக்க வந்தவங்க. ரெண்டாவதுக்கு "எவ்ளோ குறைஞ்சா என்ன விலைன்னு இப்பவே எழுதிக்கலாம்"னு சொல்றவர் கிடைச்சா, மத்தவங்களைவிட கிலோவுக்கு கொஞ்சம் குறைச்சுக் கொடுத்தாலும் அவருக்கே கொடுங்க.